பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அதிக வீடுகள்: சேலத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

சேலத்தில் எந்த லேஅவுட் நோட்டீஸை எடுத்தாலும் "புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து 15 நிமிடம்" என்று ஒரு வரி இருக்கும். எந்த 15 நிமிடம்? ரோடு காலியாகக் கிடக்கும் விடியற்காலையில் காரில் போனால் ஆகும் 15 நிமிடம். டவுன் பஸ்ஸுக்குக் காத்து நின்று, ஐந்து ரோடு சந்திப்பைத் தாண்டி, இறங்கி நடந்து வீடு சேர எவ்வளவு நேரம் என்பதை யாரும் அச்சடிப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த நேரத்தைப் பற்றியது.

பஸ், ரயில் நன்றாகக் கிடைக்கும் இடங்களைச் சுற்றி, நடந்து போகும் தூரத்துக்குள், வழக்கத்தைவிட அதிகம் பேர் குடியிருக்க இடம் கொடுத்துத் திட்டமிடுவதற்குப் 'போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி' என்று பெயர். மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2017இல் இதற்கென்று ஒரு தேசியக் கொள்கையே வெளியிட்டது. ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி ஓடுகிறது. "மெட்ரோ வந்தால்தானே அதெல்லாம்?" என்கிறார் ஒருவர். "பத்து மாடி கட்டப் பெரிய பில்டருக்கு வழி விடுறாங்க" என்கிறார் இன்னொருவர். "எஃப்.எஸ்.ஐ. ஏத்தினா தண்ணி எங்கிருந்து வரும்?" என்பது மூன்றாவது (எஃப்.எஸ்.ஐ. என்பது ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்ற வரம்பு). மூன்றாவது கேள்வி நியாயமானது. முதல் இரண்டும் பாதி கேட்டு முழுசாக நம்பியவை.

தட்டுவடை செட் கடைக் கணக்கு

சாயங்காலம் தட்டுவடை செட் போடும் தள்ளுவண்டிக்காரர் வண்டியை எங்கே நிறுத்துவார்? சுற்றி நாலு தெருவில் பத்து வீடு மட்டும் இருக்கும் புது லேஅவுட்டில் நிறுத்த மாட்டார். நிறுத்தினாலும் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். எந்த நாள் என்று தெரியாததால் ஆட்களும் அவரை எதிர்பார்க்க மாட்டார்கள். அதே வண்டி வீடுகள் நெருங்கிய அம்மாபேட்டையில் ஒரு முக்கில் நின்றால் தினமும் நிற்கும், ராத்திரி வரை நிற்கும். நிச்சயம் இருக்கும் என்று தெரிவதால் இன்னும் நாலு பேர் நடந்து வருவார்கள். அவர்கள் வருவதால் வண்டியும் நிலைக்கும்.

டவுன் பஸ்ஸும் இப்படித்தான். நிறுத்தத்துக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் போதுமான ஆட்கள் இருந்தால் அடிக்கடி வரும். அடிக்கடி வந்தால் ஆட்கள் அதை நம்பி வண்டி வாங்காமல் இருப்பார்கள். ஆள் குறைந்தால் பஸ் குறையும், பஸ் குறைந்தால் மிச்சம் இருந்தவர்களும் டூவீலர் வாங்கிவிடுவார்கள். முதல் சுழலுக்குள் ஊரைக் கொண்டுபோவதுதான் இந்தத் திட்டமிடலின் நோக்கம்.

இனி எண்களில் பார்க்கலாம். நிறுத்தத்தைச் சுற்றி 500 மீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பு சுமார் 78 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 194 ஏக்கர். ரோடு, பள்ளி, கோயில், கடை, காலியிடம் என்று பாதியைக் கழித்துவிடுவோம். மிச்சமுள்ள 97 ஏக்கரில் 2,400 சதுர அடி மனைகளாகப் பிரித்து மனைக்கு ஒரு வீடு கட்டினால் சுமார் 1,750 வீடுகள் வரும். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 7,000 பேர். பத்தில் ஒருவர் தினமும் பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொண்டால் 700 பேர். பஸ் ஓடும் 16 மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்கு 44 பேர். ஒரு பஸ்ஸின் இருக்கைகள்கூட நிரம்பாது.

அதே மனைகளில் சராசரியாக மூன்று வீடுகள் இருந்தால்? 21,000 பேர், அதில் பஸ் ஏறுபவர்கள் 2,100, மணிக்கு 130 பேர். இது விளக்கத்துக்காக நானே போட்ட கணக்கு, சேலத்தின் எந்த வார்டின் நிலவரமும் இல்லை. உண்மையில் ஒரு பஸ் பல நிறுத்தங்களில் ஆள் ஏற்றும், காலையில் நெரிசலும் மதியம் காலியுமாக இருக்கும். ஆனாலும் விகிதம் புரிகிறதல்லவா? வட்டம் மாறவில்லை, ரோடு மாறவில்லை. உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை மாறியதும் அடிக்கடி பஸ் விடுவது கட்டுப்படியாகிறது.

அடிக்கடி என்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், பஸ் பயணத்தில் ஆட்களை விரட்டுவது பயண நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான். நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர், பஸ்களுக்கு இடையிலுள்ள நேரத்தில் சராசரியாகப் பாதியைக் காத்திருப்பில் கழிக்கிறார். நாற்பது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் இருபது நிமிடம் வெயிலில் நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஐந்தே நிமிடம்.

500 மீட்டர் யாருடைய காலில்?

2017 கொள்கை, நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள பகுதியைச் 'செல்வாக்கு வட்டம்' என்று எடுத்துக்கொள்கிறது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறவருக்கு 500 மீட்டர் ஆறு நிமிடம், 800 மீட்டர் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மனிதர் சலிக்காமல் நடந்து போய் வண்டி ஏறக்கூடிய தூரம் இது என்பது அனுமானம்.

இங்கேதான் சேலத்துக்காரர்கள் சிரிக்க வேண்டும். வரைபடத்தில் காம்பஸ் வைத்து வட்டம் போடுவது சுலபம். ஜங்ஷனுக்கு எதிர்ப்புறம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு நேர்கோட்டில் 300 மீட்டர் இருக்கலாம், சுரங்கப்பாதையோ மேம்பாலமோ சுற்றி வந்தால் அது ஒரு கிலோமீட்டரைத் தாண்டலாம். திருமணிமுத்தாற்றின் கரையில் பாலம் எங்கே இருக்கிறதோ அதுதான் தூரத்தை முடிவு செய்யும். பைபாஸை ஒட்டிய ஊர்களில் எதிர்ப்பக்க நிறுத்தம் கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. சித்திரை மாத மதியத்தில் மரமில்லாத ரோட்டில், நடைபாதை முழுக்க டூவீலர் நிற்கும்போது, வயதானவருக்கு 500 மீட்டர் என்பது 500 மீட்டர் இல்லை.

அதனால் இந்தத் திட்டமிடலில் மிக மலிவான, மிகவும் பயன் தரும் வேலை மாடி கட்டுவதில் இல்லை. இரண்டு தெருக்களுக்கு இடையே அடைபட்டுக் கிடக்கும் ஒரு சந்து வழியைத் திறந்துவிடுவது, சாக்கடைக்கு மேல் மூடி போட்டு நடக்க விடுவது, நிழல், தெருவிளக்கு, ரோட்டைக் கடக்க ஓர் இடம் ஆகியவைதான். வட்டத்துக்குள் அதிகம் பேரைக் குடியேற்றுவதற்கு முன், ஏற்கெனவே இருப்பவர்களை வட்டத்துக்குள் கொண்டுவரலாம். இதற்கு எஃப்.எஸ்.ஐ. மாற்றம் எதுவும் வேண்டாம்.

நிறுத்தம் என்று ஒரு பலகை இருப்பதாலேயே அங்கே போக்குவரத்து இருப்பதாகவும் ஆகிவிடாது. விருத்தாசலம் தடத்தில் சேலம் டவுன், சேலம் மார்க்கெட் என்று ஊருக்கு நடுவே ரயில் நிலையங்கள் உண்டு. ஆனால் தினசரி வேலைக்குப் போய்வர நம்பும் அளவுக்கு அடிக்கடி வண்டி இல்லாத நிலையத்தைச் சுற்றி வீடுகளை நெருக்கினால் நெருக்கம்தான் மிஞ்சும். முதலில் பார்க்க வேண்டியது எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதை.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: நடக்கும் தூரத்தில் ஆட்கள் இருந்தால் பஸ் அடிக்கடி வரும், அடிக்கடி வந்தால் ஆட்கள் ஏறுவார்கள், அந்த நடக்கும் தூரத்தைத் தெரு நிர்ணயிக்கிறது, வரைபடம் இல்லை.

அடர்த்தி வேறு, உயரம் வேறு

'அடர்த்தி' என்பது ஒரு குறிப்பிட்ட பரப்பில் எத்தனை பேர் அல்லது எத்தனை வீடுகள் என்ற கணக்கு. அவ்வளவுதான். கட்டடம் எத்தனை மாடி என்பது அதில் நேரடியாக வருவதில்லை. செவ்வாய்ப்பேட்டை, குகை போன்ற பழைய பகுதிகளின் தெருக்களில் ஒரு தடவை நடந்து பாருங்கள். ஒன்று, இரண்டு மாடிதான். ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கீழே கடை, மேலே குடும்பம், பின்கட்டில் பட்டறை. கேட், காம்பவுண்டு, தோட்டம், கார் ஷெட் என்று பரவிக் கிடக்கும் புறநகர் பங்களாத் தெருவைவிட இங்கே ஏக்கருக்கு அதிகம் பேர் வாழ்கிறார்கள். நேர்மாறாக, நாலு பக்கமும் பெரிய திறந்தவெளியும் கார் நிறுத்தமும் விட்டு நட்ட நடுவில் எழும் ஒரு கோபுரம், பார்க்க உயரமாக இருந்தும் மொத்த மனைக்குக் கணக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் அடர்ந்திருக்காது.

மளிகைக்கும் மருந்துக்கும் டைலருக்கும் நடந்தே போக முடிவது இந்தப் பழைய தெருக்களின் இன்னொரு குணம். வீடு, கடை, தொழில் கலந்திருப்பதைக் 'கலப்புப் பயன்பாடு' என்பார்கள். மேலைநாட்டு நகரங்கள் அரை நூற்றாண்டாகக் கஷ்டப்பட்டுத் திரும்பக் கற்றுக்கொள்ளும் விஷயம் நம் பேட்டைகளில் யாரும் திட்டமிடாமலேயே இருக்கிறது.

எஃப்.எஸ்.ஐ. என்னும் கடிவாளம்

ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் எண்தான் எஃப்.எஸ்.ஐ., தமிழில் தளப்பரப்புக் குறியீடு. எல்லா மாடிகளின் தளப் பரப்பையும் கூட்டி, மனையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. 2,400 சதுர அடி மனையில் குறியீடு 2 என்றால் மொத்தம் 4,800 சதுர அடி கட்டலாம். மனையின் பாதியில் மட்டும் கட்டினால் 1,200 சதுர அடி வீதம் நாலு தளம். ஆகவே "எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் ரெண்டு மாடி" என்று சொல்பவர் தவறாகச் சொல்கிறார். அது மாடிக் கணக்கே இல்லை.

தமிழ்நாடு முழுமைக்கும் பொதுவாக 2019இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அவற்றின்படி 18.30 மீட்டர் உயரம் வரையிலான கட்டடங்களுக்கு அடிப்படைக் குறியீடு 2. அதைத் தாண்டும் உயரமான கட்டடங்களுக்கு 3.25. இதற்கு மேல் அரசுக்குக் கட்டணம் செலுத்திக் கூடுதல் பரப்பு வாங்கலாம், அதற்குப் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று பெயர். அதிகபட்சமாக 50 சதவீதம் வரை.

இந்தக் கூடுதல் எதை வைத்துக் கிடைக்கிறது தெரியுமா? மனைக்கு முன்னால் உள்ள ரோட்டின் அகலத்தை வைத்து. 18 மீட்டரும் அதற்கு மேலும் அகலமான ரோடு என்றால் முழு 50 சதவீதம். அகலம் குறையக் குறைய இதுவும் குறையும். காரணம் இல்லாமல் இல்லை. தீயணைப்பு வண்டி உள்ளே வர வேண்டும், அதிகம் பேர் வந்து போக ரோடு தாங்க வேண்டும். ஆனால் விளைவைப் பாருங்கள். டவுன் பஸ்ஸே எட்டிப் பார்க்காத ஓர் அகலமான புறநகர் ரோட்டில் உள்ள மனைக்குக் கூடுதல் கிடைக்கும். பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போகக்கூடிய ஒரு குறுகிய தெருவில் உள்ள மனைக்குக் கிடைக்காது. பொதுவிதி ரோட்டின் அகலத்தைக் கேட்கிறது, பஸ் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று கேட்பதில்லை. போக்குவரத்து சார்ந்த வளர்ச்சி என்ற சொல்லை யாரும் நம் ஊரில் பயன்படுத்தினால், இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: கூடுதல் பரப்பை ரோட்டு அகலத்தோடு மட்டும் கட்டி வைக்கப் போகிறீர்களா, நிறுத்தத்தின் தூரத்தோடும் கட்டப் போகிறீர்களா?

அகமதாபாத் இரண்டாவதைச் செய்தது. அங்கே 2009இல் தனித் தடத்தில் பஸ்கள் ஓடத் தொடங்கின. பிறகு வந்த வளர்ச்சித் திட்டத்தில் அந்தத் தடத்தின் இருபுறமும் 200 மீட்டருக்குக் குறியீட்டை 4 வரை உயர்த்திக்கொள்ளக் கட்டணத்தோடு அனுமதி தந்தார்கள். அது நன்றாக நடந்ததா என்பதில் விவாதம் உண்டு. ஆனால் எதை எதோடு இணைக்க வேண்டும் என்பதில் தெளிவு இருந்தது.

அனுமதி இருப்பதும் கட்டுவதும் ஒன்றில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குறியீடு 2 இருந்தும் நம் புறநகர் மனைகளில் பெரும்பாலும் 1,400 சதுர அடியில் ஒரு வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். 2,400க்கு 1,400 என்றால் 0.6கூட இல்லை. சொந்தமாகக் குடியிருப்பவருக்கு அதற்கு மேல் கட்டப் பணமும் வேண்டாம், வாடகைக்காரர் தொல்லையும் வேண்டாம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. சிறு வீடு கட்டுகிறவருக்கு நல்ல விஷயம்தான். ஆனால் சுலபமான வழி தரைத்தளமும் முதல் மாடியும் என்பதோடு முடிகிறது. மூன்றாவது, நாலாவது தளம் வேண்டுமென்றால் பழையபடி அனுமதிக்காக நடையாய் நடக்க வேண்டும்.

கார் நிறுத்தம் இன்னொரு கண்ணுக்குத் தெரியாத கடிவாளம். ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், சுமார் 135 சதுர அடி வேண்டும். திரும்பவும் வெளியேறவும் இடம் சேர்த்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. 2,400 சதுர அடி மனையில் ஐந்து வீட்டுக்கு ஐந்து கார் என்றால் தரையில் பாதிக்கு மேல் கார்களுக்கே போய்விடும். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வீட்டை அனுமதித்துவிட்டு, பைபாஸ் ஓரத்தில் கேட்கும் அதே கார் நிறுத்தத்தை அங்கேயும் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும்.

சுருக்கமாக: எஃப்.எஸ்.ஐ. ஓர் உச்சவரம்பு. அதை உயர்த்தினால் மட்டும் வீடு முளைக்காது. ரோட்டு அகலம், மனையைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, கார் நிறுத்தம், மனைக்காரரின் விருப்பம் நாலும் சேர்ந்துதான் வீட்டின் எண்ணிக்கையை முடிவு செய்யும்.

யார் கையில் என்ன இருக்கிறது?

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. எந்தப் பகுதி குடியிருப்பு, எது வணிகம், எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று ஊர் முழுவதையும் பிரித்துக் காட்டும் ஆவணம் 'முழுமைத் திட்டம்'. சேலத்தில் அதற்கென்று உள்ளூர் திட்டக் குழுமம் உண்டு, மேலே டிடிசிபி என்று எல்லோரும் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககம். சிறு கட்டடங்களுக்கு அனுமதி, குடிநீர், சாக்கடை எல்லாம் மாநகராட்சி. பஸ் எங்கே, எத்தனை தடவை ஓட வேண்டும் என்பது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சேலம் கோட்டம். பெரிய ரோடுகள் நெடுஞ்சாலைத் துறை அல்லது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். ஜங்ஷன் ரயில்வேயின் சொத்து.

வீடு எங்கே வர வேண்டும் என்று ஓர் அலுவலகமும், பஸ் எங்கே போக வேண்டும் என்று வேறோர் அலுவலகமும் தனித்தனியாக முடிவு செய்கின்றன. இரண்டும் ஒரே முடிவின் இரு பாதிகள். இந்தப் பிரச்சினை சேலத்துக்கு மட்டும் உரியதில்லை. சென்னையில் 1995இல் தொடங்கி 2007இல் வேளச்சேரி வரை நீண்ட பறக்கும் ரயிலின் நிலையங்கள் பலவற்றைப் பாருங்கள். பிரம்மாண்டமான கட்டடங்கள், உள்ளே ஆள் நடமாட்டம் குறைவு, வெளியே இறங்கினால் நடக்க வழி தேட வேண்டும். தடம் போட்டவர்களும் நிலத்தைத் திட்டமிட்டவர்களும் ஒன்றாக உட்காரவில்லை.

உட்கார்ந்து செய்த ஊர் என்று எப்போதும் சொல்லப்படுவது பிரேசிலில் உள்ள குரிச்சிபா. 1966இல் முழுமைத் திட்டம், 1974இல் முதல் விரைவு பஸ் தடம். நகர மையத்திலிருந்து கிளம்பும் சில நெடும் தடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தடத்தின் நடுவே பஸ்ஸுக்கு மட்டும் பாதை, தடத்தை ஒட்டி மட்டும் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி, விலக விலகக் கட்டட உயரம் குறையும். மெட்ரோ கிடையாது, வெறும் பஸ். அதைத் தொடங்கியபோது குரிச்சிபாவின் மக்கள்தொகை இன்றைய சேலம் மாநகராட்சியைவிடக் குறைவு.

"மெட்ரோ வரட்டும், பார்க்கலாம்"

2011 கணக்கெடுப்பில் சேலம் மாநகராட்சியில் சுமார் 8.3 லட்சம் பேர். கோவை, மதுரை மெட்ரோ முன்மொழிவுகளை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பியபோது எழுந்த பேச்சே 20 லட்சம் மக்கள்தொகை என்ற அளவுகோலைப் பற்றியதுதான். அந்த அளவுகோல் சரியா என்பது அரசியல் சண்டை, அதற்குள் போகவில்லை. சேலத்துக்கு மெட்ரோ வரும் வரை வீட்டுத் திட்டமிடலைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்பது மட்டும் போதும்.

நம்மிடம் இருப்பது டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வீடு என்பது மாதச் செலவில் நேரடியாகத் தெரியும் லாபம். வாடகை இருநூறு, முந்நூறு கூடினாலும் பெட்ரோல் மிச்சம். வீட்டுச் செலவையும் போய்வரும் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லேஅவுட்டில் சென்ட் விலை மலிவு என்று சொல்பவர்கள் இரண்டாவதைச் சொல்வதே இல்லை.

ஐந்து ரோட்டில் 2020இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலத்தை எல்லோரும் பெருமையாகக் காட்டுகிறோம். அது வண்டிகளை வேகமாகக் கடத்துகிறது. பாலத்துக்குக் கீழே ஒரு பஸ் நிறுத்தத்திலிருந்து எதிர்ப்பக்கக் கடைக்கு நடந்து போகிறவருக்கு என்ன செய்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் நியாயம் எது?

தண்ணீர்க் கேள்வி உண்மையானது. சேலம் குடிப்பது மேட்டூர்க் காவிரித் தண்ணீரை. பழைய பகுதிகளில் குழாயும் பாதாளச் சாக்கடையும் எத்தனை பேருக்கு என்று போட்டார்களோ அதற்கு மேல் தாங்காது. வீட்டை மூன்று மடங்காக்கிவிட்டுச் சாக்கடையை அப்படியே விட்டால் அது திருமணிமுத்தாற்றில்தான் போய் முடியும். ஆனால் இதற்கு மாற்று என்ன? அதே மக்கள் அயோத்தியாப்பட்டணம் பக்கமும் கருப்பூர் பக்கமும் பரவினாலும் குடிக்கத்தான் போகிறார்கள். பரவிய வீடுகளுக்கு ஒரு வீட்டுக்கு ஆகும் குழாய் நீளம் பல மடங்கு. குழாய் பெரிதாக்குவதும் செலவு, நீட்டுவதும் செலவு. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் அந்தந்தப் பகுதியின் குழாய்க்கும் சாக்கடைக்கும் போகிறதா என்று கேட்பது சரியான கேள்வி.

நெரிசல் பற்றிய பயம் பாதி சரி. கார் நிறுத்தத்தோடு கூடிய வீடுகளை நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கட்டினால் நெரிசல் நிச்சயம். பஸ் அதிகரிக்காமல் வீட்டை மட்டும் அதிகரித்தாலும் அப்படியே.

எனக்கு மிகவும் உறுத்துவது வேறொன்று, இதைத் திட்ட அறிக்கைகளில் அதிகம் பார்ப்பதில்லை. சேலத்தில் வீடு என்பது பல இடங்களில் வேலை செய்யும் இடமும்கூட. அம்மாபேட்டையிலும் குகையிலும் தறி ஓடும் வீடுகள், செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடக்கும் வீடுகள். தறிக்குத் தரை வேண்டும், குழி வேண்டும், சத்தத்தைப் பொறுக்கும் அக்கம்பக்கம் வேண்டும். பட்டறைக்கு ஊதுலை வேண்டும், பற்ற வைக்கும் ஆட்கள் உட்கார வெளிச்சமான தாழ்வாரம் வேண்டும். நில விலை ஏறியதும் இந்த வீடு இடிபட்டு நாலு தளமானால், மேலே வரும் 700 சதுர அடி ஃபிளாட்டில் தறி ஓட்ட முடியாது, கொலுசு செய்ய முடியாது. உரிமையாளர் விற்றுப் பணம் பார்ப்பார், வாடகைக்கு இருந்து தொழில் செய்தவர் இளம்பிள்ளைக்கோ ஆட்டையாம்பட்டிக்கோ போவார். வேலைக்குச் சுலபமாகப் போய்வரும் இடத்தில் வீடு என்பதும் இந்தத் திட்டமிடலின் நோக்கம்தான். வேலையும் வீடும் ஒரே கூரையில் இருந்த குடும்பத்தைப் பிரித்து அனுப்பி அந்த நோக்கத்தை எப்படி அடைவது? கீழ்த்தளத்தில் பட்டறைக்கு இடம் விட்டால் கூடுதல் பரப்பு என்பது போன்ற ஒரு நிபந்தனையை விதியில் எழுத முடியும். அதற்கு முதலில் அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

எங்கே கூடாது?

சேலத்தைச் சுற்றிப் பார்த்தால் வடக்கே நகரமலையும் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை. நடுவில் ஏரிகள்: மூக்கனேரி, பள்ளப்பட்டி, குமரகிரி. பரவுவதற்கு இடம் தேடும்போது முதலில் கடிபடுவது ஏரிக் கரையும் மலை அடிவாரமும்தான். நிறுத்தங்களைச் சுற்றி உள்ளே நெருங்குவதற்கு ஆதரவாக நான் சொல்லக்கூடிய வலுவான வாதம் இது. ஆனால் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஏரி உள்வாயில் மாடி கட்டலாம் என்று அர்த்தமில்லை. தாழ்வான இடம் தாழ்வான இடம்தான்.

ஏற்காடு இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வரும் இடம், கட்டட உயரத்துக்கும் சரிவுக்கும் தனிக் கட்டுப்பாடுகள். பஸ் ஏரிக்கரையில் நிற்கிறது என்று சொல்லி அங்கே அடர்த்தி கேட்பது மண்ணைப் பற்றித் தெரியாத பேச்சு.

வரைவுத் திட்டம் வந்தால் எதைப் பார்ப்பது?

முழுமைத் திட்டமோ அதில் மாற்றமோ வந்தால் சட்டப்படி வரைவை வெளியிட்டு ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் கேட்க வேண்டும். பத்திரிகையில் ஒரு மூலையில் பொடி எழுத்தில் வரும், பலர் கவனிப்பதில்லை. பார்ப்பவர்களும் தங்கள் சர்வே நம்பர் வரைபடத்தில் என்ன நிறத்தில் இருக்கிறது (குடியிருப்பா, வணிகமா, விவசாயமா) என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள், நிலம் வைத்திருப்பவர் பார்க்கத்தான் செய்வார். கூடவே இன்னும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அதிக அடர்த்தி என்று குறித்திருக்கும் இடத்தில் இப்போது எத்தனை நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் வருகிறது. அந்த நிறம் தீட்டிய பகுதியிலிருந்து நிறுத்தத்துக்கு நடக்கும் பாதை வரைபடத்தில் கோடாகவாவது இருக்கிறதா. பஸ் பற்றி வரைவில் ஒன்றுமே இல்லையென்றால், போக்குவரத்துக் கழகத்திடம் கலந்து பேசினார்களா என்று எழுத்தில் கேளுங்கள். ஆட்சேப மனுவில் வார்டு, தெரு, நிறுத்தத்தின் பெயர், பஸ் வரும் நேரங்கள் ஆகியவற்றைக் குறித்து, காலக்கெடுவுக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.